ஆறு கார்டா, ஒரு கார்டா: வேலூர் வீட்டில் மைனிங்குக்கு ஏற்ற கிராபிக்ஸ் கார்டு எது?

குடியாத்தத்தில் இருக்கும் என் அக்காவின் மகன் காட்பாடியில் பொறியியல் படிக்கிறான். சென்ற விடுமுறையில் அவன் ஒரு தாளில் ஏழு கிராபிக்ஸ் கார்டுகளின் பெயர்களை எழுதிக்கொண்டு வந்து, "மாமா, இதில் எதை வாங்கினால் மைனிங்குக்குச் சரியாக இருக்கும்?" என்று கேட்டான். பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்காகக் கணினியை இடைவிடாமல் கணக்குப் போடவைத்து, அதற்குக் கூலியாக அந்த நாணயங்களையே பெறுவதுதான் மைனிங். அவன் கையில் இருந்த பணம் ஓரளவு நல்ல கார்டு ஒன்றுக்கோ, பழைய கார்டுகள் மூன்றுக்கோ போதும். வரவு நன்றாக இருந்தால் பிறகு ஆறாக்கிக்கொள்ளலாம் என்பது அவனுடைய திட்டம். அவனுக்குச் சொன்ன விடையையே இங்கே சற்று விரித்து எழுதுகிறேன், ஏனெனில் இதே கேள்வியோடு சத்துவாச்சாரியிலும் ஆற்காட்டிலும் ராணிப்பேட்டையிலும் வேறு பல வீடுகளில் பிள்ளைகள் இருப்பதை நான் அறிவேன்.

கிராபிக்ஸ் கார்டு மைனிங்கின் பொற்காலம் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தோடு தொடங்கி அதனோடே முடிந்தது என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிட வேண்டும். பிட்காயினை 2010-இல் கிராபிக்ஸ் கார்டால் எடுத்தார்கள். 2013 முதல் அதற்கென்றே செய்யப்பட்ட ஆசிக் இயந்திரங்கள் வந்து கார்டுகளை வெளியே தள்ளிவிட்டன. 2015 ஜூலையில் தொடங்கிய எத்தீரியம், ஆசிக் எளிதில் வெல்ல முடியாதபடி நினைவகத்தைச் சார்ந்த ஒரு கணக்கை வைத்திருந்ததால், ஏழு ஆண்டுகள் வரை சாதாரண மனிதனின் வீட்டுக் கார்டுக்கு வேலை கொடுத்தது. 2022 செப்டம்பர் 15 அன்று அது மைனிங் முறையையே கைவிட்டது. இன்று மிச்சமிருப்பவை எத்தீரியம் கிளாசிக், ரேவன்காயின், எர்கோ போன்ற சிறிய நாணயங்கள்தாம். புதிதாக ஏதாவது ஒன்று கொஞ்சம் சூடுபிடித்தால் அதற்கும் ஆசிக் வந்துவிடுகிறது. காஸ்பாவுக்கு 2023-இலும் அலெஃபியத்துக்கு 2024-இலும் அப்படித்தான் நடந்தது. மொனீரோவை எடுக்க வேண்டுமென்றால் கிராபிக்ஸ் கார்டே தேவையில்லை, 2019 இறுதியிலிருந்து அது பிராசசருக்கு ஏற்ற கணக்காகிவிட்டது.

ஆகவே கார்டுகளை ஒப்பிடும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியே வைத்துக்கொள்வது நல்லது. மைனிங்கில் மட்டும் எது திறமையானது என்பது ஒன்று. மைனிங் நின்றுபோனால் அந்தக் கார்டு வீட்டில் என்ன வேலை செய்யும் என்பது மற்றொன்று. இந்த இரண்டு கேள்விகளுக்கும் ஒரே கார்டு விடையாக வராது என்பதுதான் சிக்கல்.

முதல் கேள்விக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. எத்தீரியத்தின் ஈதாஷ் கணக்கிலும், அதன் வழித்தோன்றலாக எத்தீரியம் கிளாசிக் இன்று பயன்படுத்தும் கணக்கிலும், ஒவ்வொரு ஹாஷுக்கும் (ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்ப்பது ஒரு ஹாஷ்) கார்டின் மெமரியிலிருந்து 128 பைட் வீதம் 64 முறை, அதாவது 8,192 பைட் படிக்க வேண்டும். எனவே ஒரு கார்டின் மெமரி நொடிக்கு எத்தனை ஜிகாபைட் படிக்கிறது என்று தெரிந்தால், அதை 8,192-ஆல் வகுத்து அதன் உச்ச வேகத்தைப் பெட்டியைப் பிரிக்காமலே சொல்லிவிடலாம். ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ கார்டின் மெமரி வேகம் நொடிக்கு 448 ஜிகாபைட். வகுத்தால் 54 மெகாஹாஷ், அதாவது நொடிக்கு 5.4 கோடி ஹாஷ். மெமரியைச் சற்று முடுக்கிவிட்டால் 60 கிடைத்தது. ஆர்எக்ஸ் 6600 எக்ஸ்டி கார்டுக்கு 256 ஜிகாபைட், வகுத்தால் 31, நடைமுறையில் 32. ஆர்எக்ஸ் 580-க்கும் அதே 256 ஜிகாபைட், அதனால் அதுவும் 30-ஐ ஒட்டியே நின்றது. விளையாட்டில் 6600 எக்ஸ்டி எவ்வளவோ வேகமானது, ஆனாலும் மைனிங்கில் 2017-இல் வந்த 580-உம் 2021-இல் வந்த 6600 எக்ஸ்டியும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையைக் காட்டியதற்குக் காரணம் இதுதான். விலை அதிகமான கார்டு அதிகம் சம்பாதிக்கும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள்.

வேறுபாடு வாட்டில் இருக்கிறது. 580 அந்த 30 மெகாஹாஷுக்கு நன்றாகச் சீர்செய்த பிறகும் நூறு வாட்டுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். 6600 எக்ஸ்டி அதே வேலையை 60 வாட்டுக்குள் முடித்துவிடும். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் 31 மெகாஹாஷுக்கு 80 வாட் அளவில் நின்றது. 3060 டிஐ கார்டின் ஆலை அளவு 200 வாட் என்றாலும், கணக்குப் போடும் பகுதியான கோரின் வேகத்தைக் குறைத்து மெமரியை மட்டும் ஏற்றினால் 120 முதல் 130 வாட்டில் 60 மெகாஹாஷ் தரும். 12 ஜிபி மெமரி உள்ள ஆர்டிஎக்ஸ் 3060, பூட்டு நீங்கிய நிலையில், 115 வாட் அளவில் 49 மெகாஹாஷ் தந்தது. மைனிங்கை மட்டும் வைத்துப் பார்த்தால் வரிசை தெளிவு: 6600 எக்ஸ்டி முதலிடம், 3060 டிஐ ஒட்டினாற்போல் இரண்டாமிடம், 12 ஜிபி 3060 அடுத்து, 1660 சூப்பர் அதன்பின், 580 கடைசி. ஆனால் ரேவன்காயினின் காபோ கணக்கில் மெமரியோடு கோரும் சேர்ந்து உழைக்க வேண்டும். அங்கே வாட்டை இவ்வளவு குறைக்க முடியாது, 6600 எக்ஸ்டியின் மிடுக்கும் அங்கே குறைந்துவிடும்.

பூட்டு என்று சொன்னேன். 2021 பிப்ரவரியில் 3060 வெளிவந்தபோது, மைனிங் செய்பவர்கள் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகாமலிருக்க அதைச் செய்யும் என்விடியா நிறுவனம் அதன் ஈதாஷ் வேகத்தைப் பாதியாகக் குறைத்து விற்றது. அடுத்த மாதமே அந்த நிறுவனம் வெளியிட்ட ஒரு சோதனை டிரைவரில் பூட்டு தவறுதலாகத் திறந்தே இருந்தது. பின்னர் மற்ற 30 வரிசைக் கார்டுகள் பலவற்றுக்கும் பூட்டுப் போட்டார்கள். 2022 மே மாதத்தில் மைனிங் மென்பொருள்கள் அதை முழுமையாக உடைத்தன. அதற்கு நான்கு மாதம் கழித்து எத்தீரியம் மைனிங்கே இல்லாமல் போயிற்று. இப்போது பழைய கார்டு வாங்குபவர் இந்தப் பூட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, "பூட்டில்லாத கார்டு" என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால் கொடுக்கவும் தேவையில்லை.

3080, 3090 ஆகிய பெரிய கார்டுகளை மருமகனின் தாளிலிருந்து நானே அடித்துவிட்டேன். அவற்றில் உள்ள ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி வேகமானது, ஆனால் கடும் சூடு. 110 டிகிரியைத் தொட்டதும் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குளிர்நாட்டிலேயே, சூட்டை வெளியே கடத்தும் தெர்மல் பேடை மாற்றி ஒட்டினார்கள். 3090-இல் மெமரி சில்லுகள் பாதி கார்டின் முதுகுப்புறம் இருப்பதால் அங்கே தனியாக விசிறி வைத்தார்கள். நம் ஊரை "மரமில்லாத மலை, நீரில்லாத ஆறு" என்று கேலி பேசுவதில் மலையைப் பற்றிய பகுதி இந்தக் கணக்கில் நேரடியாக வந்து சேர்கிறது. பகலெல்லாம் காய்ந்த பாறை இரவில் அந்தச் சூட்டைத் திருப்பிக் கொடுக்கிறது. கத்திரியில் மொட்டை மாடி அறை நள்ளிரவிலும் ஆறுவதில்லை. கார்டு வாங்கும் மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே அறைக்குள் இறங்குகிறது. ஆறு கார்டு கொண்ட மைனிங் கணினி, அதாவது ரிக் ஒன்று, 900 வாட்டைத் தாண்டும். அதாவது மே மாதத்தில், ஏற்கெனவே 40 டிகிரியில் இருக்கும் அறைக்குள், ஓர் அறை ஹீட்டரை இரவும் பகலும் அணைக்காமல் வைப்பதற்குச் சமம். ஏசி போட்டால் அதன் மின்சாரமும் கணக்கில் சேரும்.

மின்கட்டணத்தைத்தான் நான் அவனோடு உட்கார்ந்து காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். நாங்கள் கணக்குப் போட்டபோது முதல் 100 யூனிட் இலவசம். அதன்பின் படிக்கட்டு ஏறுகிறது. 2024 ஜூலையில் அறிவிக்கப்பட்ட கட்டணத்தின்படி, 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு 400 வரை 4.80 ரூபாய், 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. சிறிய வீடு ஒன்று இரண்டு மாதத்துக்கு 350 யூனிட் செலவழிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் பில் ஆயிரம் ரூபாயைத் தொடாது. அந்த வீட்டுக் கணினியில் 130 வாட்டில் ஒரு 3060 டிஐ இரவும் பகலும் ஓடினால், போர்டும் பிராசசரும் பவர் சப்ளையின் இழப்பும் சேர்த்துச் சுவரிலிருந்து 200 வாட் எடுக்கும். நாளுக்கு 4.8 யூனிட், இரண்டு மாதத்துக்கு 288 யூனிட். மொத்தம் 638 யூனிட் ஆகி, பில் 3,300 ரூபாயை எட்டும். கூடுதலை நாளுக்குப் பிரித்தால் 39 ரூபாய் வருகிறது.

ஆறு கார்டு வைத்தால் போர்டும் பவர் சப்ளையும் பொது என்பதால் கார்டுக்கு ஆகும் செலவு இறங்கும் என்று மருமகன் எதிர்பார்த்தான். மொத்தமாக வாங்கினால் மலிவு என்ற கடைத்தெரு வழக்கம் மின்வாரியத்திடம் தலைகீழாக இருக்கிறது. ஆறு கார்டு ரிக் சுவரிலிருந்து 930 வாட் எடுத்தால் இரண்டு மாதத்துக்கு 1,340 யூனிட். வீட்டுச் செலவோடு சேர்த்து 1,690 யூனிட். பில் 15,100 ரூபாய்க்கு மேல். கூடுதல் 14,200 ரூபாயை 60 நாளுக்கும் ஆறு கார்டுக்கும் பிரித்தால், கார்டு ஒன்றுக்கு மீண்டும் அதே 39 ரூபாய்ச் சொச்சம்தான் வருகிறது. போர்டைப் பகிர்ந்துகொண்டதில் கிடைத்த மிச்சத்தை 11.80 ரூபாய்ப் படிக்கட்டு விழுங்கிவிட்டது. அதோடு, ஒரு வீட்டு இணைப்பில் நாள் முழுவதும் ஒரு கிலோவாட் சுமை ஓடினால் அது வீட்டு உபயோகம்தானா என்று பிரிவு அலுவலகம் கேட்பதற்கும் இடமுண்டு. வணிகக் கட்டணத்துக்கு மாற்றினால் மேலே போட்ட கணக்கு செல்லாது.

வரி இன்னும் கடுமையானது. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ விற்பனையில் வரும் ஆதாயத்துக்கு 30 விழுக்காடு வரியும் அதன்மேல் 4 விழுக்காடு செஸ்ஸும் உண்டு, கூட்டினால் 31.2 விழுக்காடு. வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. மைனிங்குக்காகச் செய்த கட்டமைப்புச் செலவு வாங்கிய விலை ஆகாது என்று நிதி அமைச்சகம் 2022 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் தெளிவாகவே சொல்லிவிட்டது. எடுத்த நாணயத்துக்கு வாங்கிய விலை என்று எதுவும் இல்லை. எனவே விற்ற தொகை முழுவதும் ஆதாயமாகிறது, கார்டின் விலையும் மின்கட்டணமும் நம் கையிலிருந்தே போகின்றன. ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் வழியில்லை. 2022 ஜூலையிலிருந்து விற்கும்போதே 1 விழுக்காடு பிடித்துக்கொள்வதும் உண்டு. அது பிறகு வரியில் சரிக்கட்டப்படும். இதையெல்லாம் சேர்த்தால், நாளுக்கு 40 ரூபாய் மின்சாரம் குடிக்கும் கார்டு, அந்த மின்சாரத்தை மட்டும் ஈடுகட்டவே நாளுக்கு 58 ரூபாய் மதிப்புள்ள நாணயத்தை எடுத்தாக வேண்டும். கார்டின் விலை அதற்குப் பிறகுதான் திரும்பத் தொடங்கும். வாங்கும் முன் அன்றைய விலையில் தன் கார்டு நாளுக்கு எவ்வளவு எடுக்கும் என்று இணையத்திலுள்ள எந்த மைனிங் கணக்கியிலும் பார்த்து, இந்த 58 என்ற எண்ணோடு ஒப்பிட்டாலே போதும். நாங்கள் பார்த்த அன்று தாளில் இருந்த ஒரு கார்டும் அதன் அருகில்கூட வரவில்லை.

"வேலூர் வெயிலை வைத்தே சோலார் போட்டுவிடலாமே?" என்றான். ஒரு கிலோவாட் சோலார் தகடு நாளுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். ரிக் கேட்பதோ 22 யூனிட். ஐந்தரை கிலோவாட் தகடுகளைக் கூரையில் ஏற்றினால்தான் ஈடாகும். அவ்வளவு பணம் போட்டுத் தகடு வைக்கும் குடும்பம் அந்த மின்சாரத்தை முதலில் தன் மோட்டாருக்கும் ஏசிக்கும் திருப்பிவிட்டு, பில்லின் மேல்படிக்கட்டுகளை இறக்கிக்கொள்வதே அறிவுடைமை.

ஆக, மைனிங்குக்காக மட்டும் கார்டு வாங்குவது என்ற வாதம் வீட்டுக் கட்டணத்தில் நிற்கவில்லை. அப்படியானால் இரண்டாவது கேள்வியே முதற்கேள்வியாகிவிடுகிறது: வேறு வேலைக்காகவும் தேவைப்படும் கார்டை வாங்கி, விலை ஏறும் காலத்தில் மார்கழி இரவுகளில் மட்டும் மைனிங்குக்கும் ஓட்டிக்கொள்வதென்றால் எது ஏற்றது?

இங்கே வரிசை மாறிவிடுகிறது. மைனிங்கில் முதலிடம் பெற்ற 6600 எக்ஸ்டி பின்னுக்குப் போகிறது. அது விளையாட்டுக்கு நல்ல கார்டுதான், ஆனால் மாணவனுக்குத் தேவையான இயந்திரக் கற்றல் மென்பொருள்களும், முப்பரிமாணப் படம் செய்யும் பிளெண்டரும் பெரும்பாலும் என்விடியாவின் குடா என்ற மென்பொருள் தளத்தை நம்பியே எழுதப்பட்டிருக்கின்றன. 6600 எக்ஸ்டி போன்ற ஏஎம்டி நிறுவனக் கார்டில் அவற்றை ஓடவைக்க ஒரு வாரம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். 3060 டிஐ வேகமானது, ஆனால் 8 ஜிபி மெமரி. சற்றே பெரிய ஏஐ மொழி மாதிரியை ஏற்றியதும் இடம் போதாது என்று நின்றுவிடும். மைனிங்கில் மூன்றாமிடத்தில் நின்ற 12 ஜிபி 3060 இங்கே முன்னுக்கு வருகிறது. அதன் கோர் 3060 டிஐ-யைவிட மெதுவானது. ஆனால் மெதுவாக ஓடும் வேலை எப்படியும் முடியும், மெமரியில் ஏறாத வேலை தொடங்கவே தொடங்காது. பணம் இன்னும் கொஞ்சம் கூடுமானால் 4060 டிஐ கார்டின் 16 ஜிபி வகை உண்டு. அதன் மெமரி வேகம் 288 ஜிகாபைட்தான் என்பதால் மைனிங்கில் 3060-க்கும் பின்தங்கும், ஆனால் 165 வாட்டுக்குள் அடங்கும், படிப்புக்கு இன்னும் பல ஆண்டு உழைக்கும். திருப்பி விற்பதாக இருந்தாலும் காட்பாடியில் புராஜெக்ட் செய்யும் மாணவர்களும், ஊரில் கல்யாண ஆல்பமும் வீடியோவும் செய்பவர்களும் 12 ஜிபி கார்டைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள்.

மூன்று பழைய 580 கார்டுகளை வாங்கும் யோசனையை மறுக்க இன்னொரு காரணமும் உண்டு. ஒரே போர்டில் பல கார்டுகளைப் பொருத்த ரைசர் என்ற இணைப்பு அட்டை தேவை. மலிவான ரைசர்கள் ஹார்ட் டிஸ்குக்கான சாட்டா இணைப்பிலிருந்து மின்சாரம் எடுக்கின்றன. அந்த இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட்டுக்குத்தான் அனுமதிக்கப்பட்டது, கார்டோ அந்த வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். சத்துவாச்சாரியில் என் நண்பர் ஒருவர் 2021-இல் மாடியறையில் வைத்திருந்த ரிக்கில் கருகியது கார்டு அல்ல, இந்த இணைப்புதான். பிளாஸ்டிக் உருகும் வாடை கீழ்வீடு வரை வந்தது. நெடுஞ்சாலைப் புழுதி வேறு மாதம் ஒருமுறை விசிறிகளில் அப்பிக்கொண்டிருந்தது.

இனி வாங்குவதைப் பற்றி. பழைய கார்டுக்காகச் சென்னை ரிச்சி தெருவுக்கோ பெங்களூரு எஸ்பி ரோட்டுக்கோ போகும் வசதி காட்பாடி ஜங்ஷன் இருக்கும்வரை நமக்கு உண்டு. அங்கே மூன்று பொருள்களிடம் எச்சரிக்கை தேவை. 580 என்ற பெயரில் 2,048 கோர் கொண்ட வகை ஒன்று விற்கப்படுகிறது. அது உண்மையில் 570-இன் அளவே. 4 ஜிபி கார்டுகள் மிகவும் மலிவாகக் கிடைக்கும். கார்டின் மெமரிக்குள் அடங்க வேண்டிய எத்தீரியத்தின் தரவுக் கோப்பு 2020 இறுதியில் 4 ஜிபியைத் தாண்டியபோதே அவை வேலையற்றுப் போயின, மற்ற நாணயங்களின் கோப்புகளும் வளர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. மூன்றாவது, 2021-இல் என்விடியா மைனிங்குக்கென்றே விற்ற சிஎம்பி வரிசை. அதில் மானிட்டர் இணைப்பே கிடையாது, மைனிங் நின்ற நாளோடு அதன் பயனும் நின்றது.

மைனிங்கில் ஓடிய கார்டு என்பதற்காகவே ஒன்றை ஒதுக்க வேண்டியதில்லை. குறைந்த வாட்டில் ஒரே சூட்டில் ஓடிய சில்லு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்வது விசிறியின் பேரிங்கும், காய்ந்துபோவது தெர்மல் பேடும்தான். கார்டுக்குள் பதிந்திருக்கும் பயாஸ் மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும், முக்கியமாக ஏஎம்டி கார்டுகளில். கடையிலேயே கார்டை முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, விசிறியின் ஓசையையும் சூட்டையும் திரையில் புள்ளிகள் தெறிக்கின்றனவா என்பதையும் கவனிக்கலாம். அரை மணி நேரம் ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்காமல் திரும்பிவிடும்படி அவனிடம் சொல்லியிருந்தேன். மூன்றாவது கடையில்தான் ஓட்டிக் காட்டினார்கள். 12 ஜிபி 3060 ஒன்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு மாலை ரயிலில் காட்பாடி வந்து இறங்கினான்.